நீர் தள்ளியபின் எஞ்சும் எண்ணெய்

வடகிழக்குச் சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் 1959 செப்டம்பர் 26 அன்று ஓர் ஆய்வுக் கிணற்றிலிருந்து எண்ணெய் பீறிட்டது. டாச்சிங் எண்ணெய் வயல் பிறந்தது அன்றுதான். மறு ஆண்டே உற்பத்தி தொடங்கியது. நிலத்தடி அழுத்தம் தளரும்வரை காத்திராமல், தொடக்கத்திலிருந்தே கிணறுகள் வழியாக நீரைச் செலுத்தினார்கள். 1976 முதல் 2002 வரை 27 ஆண்டுகள், ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்குக் குறையாமல் அந்த வயல் தந்தது. உலகில் மிகச் சில வயல்களுக்கே இப்பெருமை உண்டு.

நீருக்கும் எல்லை உண்டு. டாச்சிங் எண்ணெய் மெழுகு மிகுந்தது. சுமார் 45 பாகை செல்சியஸ் நிலத்தடி வெப்பத்திலும் அதன் பாகுத்தன்மை நீரைவிடப் பத்து மடங்குக்கு மேல். மெல்லிய நீர் அதைச் சீராகத் தள்ளாமல், இடையே துளைத்துக்கொண்டு உற்பத்திக் கிணற்றுக்கு முந்தி வந்துவிடும். போதாக்குறைக்கு, பழைய ஆறுகளும் கழிமுகங்களும் படியவைத்த மணற்கல் அடுக்குகள் ஒன்றுபோல் இல்லை. பருமணல் அடுக்கு நீரையெல்லாம் வாங்கிக்கொள்ள, நுண்மணல் அடுக்கின் எண்ணெய் அசையாமல் கிடக்கும். கிணற்றில் ஏறிவருவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் நீரான பிறகும் பாறை எண்ணெயில் பாதிக்கு மேல் உள்ளேயே இருக்கிறது. அந்நிலையில் இன்னும் நீரை ஏற்றுவது, நீரைச் சுற்றவிடும் வேலைதான்.

டாச்சிங் பொறியாளர்கள் 1960களிலேயே கிணற்றுக்குள் அடைப்பான்கள் பொருத்தி, அடுக்கடுக்காக அளந்து நீர் விட்டார்கள். என் மதிப்பில், பின்னால் வந்த ரசாயன வெற்றிகளுக்கெல்லாம் அடித்தளம் இந்தப் பொறுமையான வேலைதான். 1996இல் பாலிமர் முறை தொழில் அளவில் வந்தது. பாலிஅக்ரிலமைடு கரைத்த நீர் தடித்து, எண்ணெயை ஒரே முகமாக நகர்த்தும். நீர் எட்டாத அடுக்குகளிலும் நுழையும். மிதமான வெப்பமும் உப்பு குறைந்த நிலத்தடி நீரும் பாலிமர் சிதையாமல் காத்தன. பாறையில் இருந்த மொத்த எண்ணெயில் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுதலாகக் கிடைத்தது.

நுண்துளைகளில் சிக்கிய துளிகளை விடுவிக்கப் பாலிமரோடு காரமும், சோப்புபோல் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருளும் சேர்த்தார்கள். ஆதாயம் 20 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது. ஆனால் வீரியக் காரம் பாறையின் சிலிக்காவைக் கரைத்தது. அது பம்புகளில் படிவாக இறுகியது. எண்ணெயும் நீரும் பிரியாமல் பால்போல் கலந்து நின்றன. அதனால் சோடியம் கார்பனேட் போன்ற மென்காரத்தின் பக்கம் திரும்பினார்கள். கிடைக்கும் எண்ணெயை மட்டும் எண்ணி, கிணறு நிற்கும் நாள்களை எண்ணாமல் விட்டால் கணக்கு பொய்த்துவிடும்.

இந்தியாவில் ராஜஸ்தானின் மங்களா வயல் 2009இல் உற்பத்தியைத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே பாலிமருக்கு மாறியது. மற்ற முதிய வயல்களைக் கவனிக்கும் இளம் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரசாயனம் வாங்கும் முன் பழைய கிணற்றுப் பதிவேடுகளை ஒன்றுவிடாமல் படியுங்கள்; நீர் எந்த அடுக்கு வழியாக ஓடுகிறது என்பதை முதலில் கண்டறியுங்கள்.