கொக்கலையில் எஞ்சிய வீடு

இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகிலுள்ளது கொக்கலை ஏரி. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அதைக் கடல்விமானத் தளமாக்கிற்று. ரோந்து போவதும், கடலில் விழுந்தவர்களைத் தேடி மீட்பதும் அவற்றின் வேலை. 1942 ஏப்ரல் 4ல் அங்கிருந்து சென்ற கனடிய விமானி பர்ச்சாலின் கட்டலினா, ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்புகையில் வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர், அறுவர் கைதிகளாயினர். மறுநாள் கொழும்பு தாக்கப்படுமுன் பல கப்பல்கள் துறைமுகத்தைவிட்டு வெளியேறியிருந்தன. பர்ச்சால் 'இலங்கையின் ரட்சகர்' ஆனார்.

இந்தத் தளத்துக்காகத்தான் கொக்கலைவாசிகள் வெளியேற்றப்பட்டனர். இடிபடாமல் தப்பியது மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு. அவருடைய 'கம்பெரலிய' 1944ல் வெளிவந்தது. அதில் யுத்தமில்லை, விமானமில்லை. பழைய குடும்பமொன்று புதிய வணிகத்தின் முன் மெல்லச் சரிகிறது. ரட்சிக்கப்பட்ட தீவுக்குச் சரித்திரம் சாட்சி. காலிசெய்யப்பட்ட ஊரின் வாழ்க்கையை அறிய நாவலிடம்தான் போகவேண்டியிருக்கிறது.