ரிடெய்னர் (பல் தக்கவைப்பி): வரலாறு

ரிடெய்னர் என்பது, பல் கிளிப் சிகிச்சை முடிந்து கம்பிகளைக் கழற்றிய பிறகு, சீராக்கிய பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க அணியும் கருவியாகும். தமிழில் இதைப் பல் தக்கவைப்பி எனலாம். கிளிப் கழன்றவுடன் சிகிச்சை முடிந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அது முடியவில்லை என்பதை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட கதையே ரிடெய்னரின் வரலாறு.

பற்கள் ஏன் திரும்புகின்றன?

பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. மெல்லிய நார்த்திசு அதைத் தாங்குகிறது. கம்பியால் பல் நகரும்போது இந்த நார்கள் இழுபடுகின்றன. வேரைச் சுற்றியுள்ள நார்கள் சீரடையச் சுமார் 3 முதல் 4 மாதங்கள் ஆகும். ஈறில் உள்ள மீள்தன்மை நார்களுக்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை அவை பல்லைப் பின்னோக்கி இழுக்கும். திருகியிருந்து நேராக்கிய பல் எளிதில் திரும்புவது இதனால்தான்.

தொடக்க காலம்

பிரான்சைச் சேர்ந்த பியர் பொஷார் 1728-இல் வெளியிட்ட பல் மருத்துவ நூலில், உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டிச் சீராக்கும் முறையை விளக்கினார். அமெரிக்காவின் எட்வர்டு ஆங்கிள் 1899-இல் பற்கடியை வகைப்படுத்தினார். ஒரு பல்லையும் பிடுங்காமல், எல்லாப் பற்களையும் சரியான கடியில் பொருத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் அவருடைய மாணவரான சார்லஸ் டுவீடு, அம்முறையில் தாம் சிகிச்சை அளித்தவர்களுள் பலருக்குப் பற்கள் மீண்டும் கலைந்ததைக் கண்டார். தம் தோல்வியை மறைக்காமல், சிலருக்குப் பல் பிடுங்கி மறுபடியும் சிகிச்சை செய்து, முடிவுகளை வெளியிட்டார்.

ஹாலி ரிடெய்னர்

கழற்றி மாட்டக்கூடிய ரிடெய்னரைச் சார்லஸ் ஹாலி 1919-இல் அறிமுகப்படுத்தினார். அண்ணத்தில் படியும் தட்டும், முன்பற்களின் வெளிப்புறம் செல்லும் கம்பியும் கொண்ட இதன் அமைப்பு இன்றும் வழக்கில் உள்ளது. முதலில் கடின ரப்பரில் செய்த தட்டு, பிற்பாடு அக்ரிலிக்குக்கு மாறியது. 1970-களில் பற்களின் உட்புறம் ஒட்டும் நிலையான கம்பியும், 1990-களில் கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் உறையும் பரவின.

வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1981-இல் 65 பேரின் பதிவுகளை வெளியிட்டனர். ரிடெய்னரை நிறுத்திப் பத்தாண்டுகளுக்குப் பின், கீழ் முன்பற்கள் நல்ல வரிசையில் இருந்தவர்கள் 30 விழுக்காட்டுக்கும் குறைவு.

இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் இரபியுத்தீன் அகமது தொடங்கினார். பல் மருத்துவர் சட்டம் 1948-இல் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு 1953-இல் தொடங்கியது. இந்தியப் பல் சீரமைப்புச் சங்கம் 1965-இல் அமைந்தது.

திண்டுக்கல் வட்டாரம்

திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டை உள்ளிட்ட பகுதிகளின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது வரம்பு. குழந்தைப் பருவத்தில் இந்நீரைத் தொடர்ந்து குடித்தவர்களின் பல் எனாமலில் வெண் திட்டும் பழுப்புக் கறையும் உண்டாகின்றன. கடுமையாகப் பாதிக்கப்பட்ட எனாமலில் பசை உறுதியாகப் பிடிப்பதில்லை. எனவே இவ்வூர்களைச் சேர்ந்தவர்கள், கம்பியை ஒட்டும் முன்பே தம் குடிநீர் வரலாற்றை மருத்துவரிடம் சொல்வது நல்லது.

பராமரிப்பு

வெந்நீரில் கழுவினால் ரிடெய்னர் வளைந்துவிடும். குளிர்ந்த நீரே போதும். சாப்பிடும்போது காகிதத்தில் மடித்து வைத்தால் எச்சிலிலையோடு குப்பைக்குப் போய்விடும். அதற்கான டப்பாவில் வைக்க வேண்டும். சில நாள் விட்டபின் இறுக்கமாக இருந்தால், பல் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். வலிந்து அழுத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய சிகிச்சைப் பணம் நிலைப்பதும் வீணாவதும், இரவில் மறவாமல் மாட்டும் இச்சிறு கருவியைப் பொறுத்தே அமைகிறது.