ஆயிரம் கினிக் காளை

1810-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டர்ஹாம் வட்டாரத்தில் கெட்டன் என்ற ஊரில் ஒரு மாட்டு ஏலம் நடைபெற்றது. சார்லஸ் காலிங் என்னும் பண்ணையாளர் தம் ஷார்ட்ஹார்ன் மந்தையை விற்றார். அன்று காமெட் என்னும் காளை 1,000 கினிக்குப் போயிற்று. கினி என்பது 21 ஷில்லிங். ஆக, 1,050 பவுன். அக்காலத்தில் அது ஒரு மாட்டுக்குக் கேள்விப்படாத விலை.

நேயர்களே, அக்காளையின் குலமுறையைச் சற்றே ஆராய்வோம். காமெட்டின் தந்தை ஃபேவரிட்; தாய் யங் ஃபீனிக்ஸ். அந்த யங் ஃபீனிக்ஸோ, ஃபேவரிட் தன்னை ஈன்ற ஃபீனிக்ஸ் என்னும் பசுவுடனேயே கூடியதால் பிறந்தவள். எனவே ஃபேவரிட் காமெட்டுக்குத் தந்தை. தாய்வழிப் பாட்டனும் அவனே. ஃபீனிக்ஸ் இருவழியிலும் பாட்டி. மாணவர்கள் இதைத் தாளில் வரைந்து பார்த்தால், விரிய வேண்டிய கிளைகள் மீண்டும் அடிமரத்திலேயே வந்து ஒட்டிக்கொள்வதைக் காண்பர்.

இவ்வழியைத் துணிந்து காட்டியவர் லெஸ்டர்ஷயரில் டிஷ்லிப் பண்ணையை நடத்திய ராபர்ட் பேக்வெல் (1725-1795). நல்ல குணம் தென்பட்ட விலங்கை அதன் உறவுக்குள்ளேயே சேர்த்தால் அக்குணம் சிதறாமல் நிலைபெறும் என்பது அவர் கண்ட உண்மை. அதை மூடத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். இன்று நாம் அறியும் கால்நடை இனங்கள் பல அவ்வாறே உருவாயின.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. காலிங்கின் மந்தையிலிருந்து டச்சஸ் என்னும் பசுக்குலத்தை வாங்கியவர் தாமஸ் பேட்ஸ். பால் வளத்தைப் பெரிதும் மதித்தவர். தம் மாடுகளைக் குறித்து அளவற்ற பெருமிதம் கொண்டவர். அவர் 13 ஆண்டுகள் மிக நெருங்கிய உறவிலேயே இணைத்தார் என்றும், அடுத்த 17 ஆண்டுகளில் மும்முறை வேற்றுக் குருதியைச் சேர்க்க நேர்ந்தது என்றும், பசுக்களின் கருவளம் குன்றியதே காரணம் எனக் கூறப்படுகிறதென்றும் 1868-இல் சார்லஸ் டார்வின் எழுதினார். பேட்ஸ் 1849-இல் மறைந்தார். 1873-இல் அமெரிக்காவின் நியூயார்க் மில்ஸ் ஏலத்தில் ஒரு டச்சஸ் பசு 40,600 டாலருக்கு விலைபோயிற்று! அத்தனை விலைபெற்ற குலம் பின்னர் மலட்டுத்தன்மையால் அருகிப்போயிற்று.

ஒவ்வொரு மரபணுவும் உயிரினத்தில் இரு படிகளாக உள்ளது. ஒரு படி பழுதாயினும் மற்றது பெரும்பாலும் அதை மறைத்துவிடும். உறவுக்குள் இணைத்தால் பழுதும் பழுதும் ஒரே கன்றில் சந்திக்கும் வாய்ப்பு மிகும். இதனை அளக்கும் கணக்கை 1922-இல் சூவல் ரைட் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தார். தந்தைக்கும் மகளுக்கும் பிறந்த கன்றுக்கு அவ்வளவு 25 விழுக்காடு. காமெட்டுக்கோ ஏறத்தாழ 47. இவ்வளவு ஒரு விழுக்காடு கூடினால் ஓர் ஈற்றுக்குச் சுமார் 20 முதல் 40 கிலோ வரை பால் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 30 கிலோ என்றே கொண்டாலும், தந்தை-மகள் இணைப்பில் 750 கிலோ மறைகிறது. பசு சினை பிடிக்கத் தாமதமானால், கறவையும் அதற்கேற்பத் தள்ளிப்போகும்.

உறைவிந்து முறை வந்தபின் ஒரே காளை கண்டங்கள் கடந்து ஆயிரக்கணக்கான கன்றுகளுக்குத் தந்தையாக முடிந்தது. 1962-இல் பிறந்த சீஃப் என்னும் ஹோல்ஸ்டீன் காளைக்குச் சுமார் 16,000 மகள்கள். பால் பெருகியது. ஆயினும் அதன் உடலில் ஒரு பழுது மறைந்திருந்தது. இரு படியும் பெற்ற கரு வயிற்றிலேயே மாண்டது. அம்மரபணுவை 2016-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். உலகெங்கும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் அழிந்தன என்றும், இழப்பு 42 கோடி டாலர் என்றும் மதிப்பிட்டனர். சீஃப்பால் விளைந்த ஆதாயம் அதனினும் பன்மடங்கு. ஆதாயம் கணக்கேட்டில் ஏறியது. இழப்பையோ, “இம்முறையும் சினை நிற்கவில்லை” என்று உழவர் தனித்தனியே சொல்லி அமைந்தனர். அத்தனை ஆண்டுகள் அது புலப்படாதிருந்ததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

இன்று சிறிது ரோமமே சோதனைக்குப் போதும். பழுதுடைய இரு விலங்குகளை இணைக்காமல் தவிர்க்கலாம். ஆயினும் வட அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளைகளின் ஆண்வழி ஏறக்குறைய முழுவதும் 1880-களில் பிறந்த இரண்டே காளைகளில் முடிவதாக 2015-இல் தெரியவந்தது. பின்னர் பென்சில்வேனிய ஆய்வாளர்கள், மறைந்துபோன ஆண்வழியைச் சேர்ந்த பழைய காளைகளின் விந்தை அரசாங்க உறைபனிக் கிடங்கிலிருந்து தேடியெடுத்து, அதிலிருந்து ஆண்கன்றுகளைப் பிறப்பித்தனர்.