கண்ணாடி மாளிகையும் பழைய பூங்காவும்

யாழ்ப்பாணத்தில் வசந்தம் எப்போது என்று கேட்டால் பங்குனி, சித்திரை என்போம். வேம்பு பூத்து முற்றமெல்லாம் உதிர்ந்து கிடக்கும், கொன்றை மஞ்சளாகும். மலர்க்காட்சி பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போக வேண்டும். கண்ணாடிக் கூரையின் கீழ் மலர்க்காட்சி என்பதோ எமக்கு முற்றிலும் வெளியூர்ச் சங்கதி.

அதில் வியப்பில்லை. கண்ணாடி வீடு குளிர்நாட்டின் தேவை. வெயிலை உள்ளே விட்டு, வெப்பத்தை வெளியேறாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. எமக்கு வெயில் கேட்காமலே வரும். தண்ணீர்தான் கேட்டாலும் வராது. ஆறில்லாத மண். சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கிய மழைநீரைத் துலா மிதித்து இறைத்துத்தான் ஒரு மல்லிகைக் கொடியையும் வளர்த்தார்கள்.

ஆனாலும் தென்னிந்தியாவின் புகழ்பெற்ற கண்ணாடி மாளிகை நிற்கும் தோட்டம் ஒரு முஸ்லிம் மன்னரின் தோட்டம் என்பதை நாம் நினைவுகூர்வது குறைவு. திப்புவின் வாளைப் பற்றி எமது ஏடுகள் எழுதியதில் பத்திலொரு பங்குகூட அவருடைய செடிகளைப் பற்றி எழுதவில்லை. பெங்களூரில் லால்பாக்கை 1760இல் தொடங்கியவர் ஹைதர் அலி. சீராவில் இருந்த முகலாயத் தோட்டம் அவருக்கு முன்மாதிரி. மகன் திப்பு பாரசீகம், காபூல், மொரீஷியஸ் என்று பல திசைகளிலிருந்தும் விதையும் கன்றும் தருவித்தார். தோட்ட வேலைக்குத் தமிழ் வேர்கொண்ட திகளர் சமூகத்தாரை ஹைதர் குடியேற்றினார் என்பது அங்கு வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சுல்தானின் தோட்டத்தில் தமிழ் கேட்டது என்று எண்ணும்போது எனக்கு ஒரு சிறு பெருமிதம்; மறைப்பானேன்.

1799இல் திப்பு வீழ்ந்தார். தோட்டம் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1856இல் அரசாங்கத் தாவரவியல் தோட்டமாயிற்று. 1889 நவம்பர் 30இல் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார். லண்டனில் 1851இல் எழுந்த பளிங்கு மாளிகையின் சாயலில் இரும்பும் கண்ணாடியுமாகக் கட்டினார்கள். செடியைக் குளிரிலிருந்து காப்பதற்கல்ல, பூக்களைக் காட்சிக்கு வைப்பதற்கே. ஜனவரியில் குடியரசு தினத்தையும் ஆகஸ்டில் சுதந்திர தினத்தையும் ஒட்டி அங்கு மலர்க்காட்சி நடக்கிறது. அடிக்கல் இளவரசரின் பெயரைச் சொல்கிறது. தண்ணீர் ஊற்றிய திகளரின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

எமது தீபகற்பத்தில் இதற்குக் கொஞ்சமேனும் அருகில் வரக்கூடியது பழைய பூங்கா. 1829இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1867இல் இறக்கும்வரை பெரும்பாலும் இங்கேயே அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் அதை உருவாக்கினார். தன் சொத்தாக இருந்ததைப் பின்வரும் அதிபர்களின் பயனுக்கென்று அரசாங்கத்துக்கே விட்டுச் சென்றார். கண்ணாடி இல்லை, மரநிழல்தான் கூரை. போரில் பழைய கச்சேரிக் கட்டடம் சிதைந்தது. டைக்கின் பெயர் சிதையவில்லை. கிணற்றில் நீர் இறைத்தவர்களின் பெயர் இங்கும் இல்லை.

பூங்காவிலிருந்து சோனகத் தெரு அதிக தூரமில்லை. அங்கே பொதுத் தோட்டம் ஏது? வளவுக்குள் மல்லிகைப் பந்தல், வேலியோரம் மருதோன்றி, கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச்செம்பு. பெருநாளுக்கு முந்திய இரவு மருதோன்றி அரைக்கும் வாசம் ஒழுங்கையெங்கும் பரவும். எந்த அதிபரின் அறிக்கையிலும் ஏறாத மலர்க்காட்சி அது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு அழைத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் மேல். பெரும்பாலானோர் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். உப்புக்காற்று வீசும் அந்த முகாம்களிலும் தகரப்பேணியில் செடி நட்டவர்கள் இருந்தார்கள்.

2002 போர்நிறுத்தத்துக்குப் பின் சிலரும், 2009க்குப் பின் இன்னும் சிலரும் திரும்பி வந்து பார்த்தார்கள். கூரையற்ற வீடுகளின் சுவரைப் பிளந்து ஆலும் அரசும் கிளைத்திருந்தன. பந்தல் இருந்த இடம் தெரியவில்லை. இன்னாருடைய வளவு என்று அடையாளம் சொல்லச் சில இடங்களில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது.