எட்டு செல்லில் நின்ற கன்றுக்குட்டி

சோதனைக்குழாய் கன்று என்றால், விந்தையும் முட்டையையும் சேர்ப்பதுதான் பெரிய வித்தை என்று நினைப்போம். இல்லீங்க. சேர்ந்த கருவை ஒரு வாரம் நல்லபடியாக வளர்ப்பதில்தான் விஞ்ஞானிகள் திண்டாடினார்கள்.

பசுவின் கரு ஆய்வகத் தட்டில் எட்டு, மிஞ்சினால் பதினாறு செல் வரை பிரியும். அப்புறம் நகராது. அதுவரை தாய் முட்டைக்குள் வைத்துவிட்ட சரக்கிலேயே ஓடுகிறது. அந்தக் கட்டத்தில்தான் தன் சொந்த மரபணுக்களை முழுவீச்சில் இயக்கத் தொடங்குகிறது. அப்போது சுற்றியுள்ள கரைசல் சரியில்லை என்றால் கதை முடிந்தது.

ஆரம்பத்தில் கண்ட வழி வேடிக்கையானது. பசுவின் கருவை செம்மறியாட்டின் அல்லது முயலின் கருக்குழாயில் சில நாள் குடிவைத்துத் திரும்ப எடுத்தார்கள். வாடகை கிடையாது :-) 1972-ல் டெர்விட், விட்டிங்ஹாம், ரோசன் மூவரும் செம்மறியாட்டுக் கருக்குழாய் நீரில் என்னென்ன இருக்கிறது என்ற கணக்கைப் பார்த்து, அதே மாதிரி ஒரு செயற்கைக் கரைசல் செய்தார்கள். அதன் திருத்திய வடிவங்கள் இன்றும் ஆய்வகங்களில் ஓடுகின்றன.

1981-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் முதல் சோதனைக்குழாய் கன்று பிறந்தது. அந்தக் கருவை நான்கு செல்லிலேயே பசுவுக்குள் வைத்துவிட்டார்கள். எட்டு செல் கண்டத்தை அது தட்டில் கடக்கவே இல்லை.

பிறகு கருக்குழாய் செல்களையே தட்டில் வளர்த்து, கருவை அவற்றோடு விட்டுப் பார்த்தார்கள். கூடவே பிறக்காத கன்றின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம். சீரம் விட்டால் கரு மளமளவென்று வளர்ந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

1990களில் வந்தது வினை. இப்படி வளர்த்த கருக்களில் சில, பிறக்கும்போது அளவுக்கு மீறிப் பெருத்த கன்றுகளாக வந்தன. பிரசவம் சிக்கல், சில கன்றுகள் பிழைக்கவில்லை. (இலக்கை எட்டக் கடனை வாரி வழங்கிவிட்டு, பிறகு வாராக்கடன் பட்டியல் போடும் கிளைகள் நினைவுக்கு வருகின்றன!) கறவை மாட்டுக் கடன் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஈனும்போது மாடு போனால் அந்தக் குடும்பத்தின் பால் வரவும் அதோடு போச்சு. சந்தேகம் சீரத்தின் மேல் விழுந்தது. 2001-ல் செம்மறியாட்டில் செய்த ஆய்வு, ஆய்வகத்தில் வளர்ந்த கருக்களில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவின் வேலை குறைந்துபோவதைக் காட்டியது. சீரத்தில் வளர்ந்த பசுக் கருக்களில் கொழுப்புத் துளிகள் அதிகம். உறைய வைத்தாலும் அவ்வளவாகத் தாங்காது.

ஆகவே எதைச் சேர்ப்பது என்ற கேள்வியோடு எதை எடுப்பது என்பதும் சேர்ந்துகொண்டது. சீரத்துக்குப் பதில் அமினோ அமிலங்கள், ஆல்புமின், இன்சுலின், செலினியம். உடலுக்குள் ஆக்சிஜன் குறைவு என்பதால் காற்றின் 20 சதவீதத்தை 5 ஆக்கினார்கள்.

நம் நாட்டில் கர்னால் தேசிய பால் ஆராய்ச்சி நிலையத்தில் 1990-ல் உலகின் முதல் சோதனைக்குழாய் எருமைக் கன்று பிறந்தது தனிக் கதை.

2002-ல் டப்ளின் குழு வெளியிட்ட ஆய்வில் பழைய செம்மறியாடு திரும்ப வந்தது. கருக்களைப் பாதி கரைசலிலும் பாதி ஆட்டின் கருக்குழாயிலும் வளர்த்துப் பார்த்தார்கள். எத்தனை கரு தேறும் என்பதை முட்டையும், தேறியது எவ்வளவு தரம் என்பதை வளர்ந்த இடமும் முடிவு செய்தன. உறையவைத்து எடுத்தபோது ஆட்டுக்குள் வளர்ந்தவையே அதிகம் பிழைத்தன.