உத்தரமேரூர்ச் சபையும் கணக்குக் காட்டும் கடமையும்

ஊராட்சி வரலாற்றை ஆராய்வார் உத்தரமேரூரைக் குறிக்கும்பொழுது குடவோலை முறையையே விரித்துரைத்தல் வழக்கம். குடத்தினுள் இட்ட ஓலைகளை அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்த செய்தியைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆயின் பதவி பெறும் வகையினும், பெற்றவர் தம் பணிக்கு விடை கூறும் வகையே ஊராட்சிக்கு உயிர்நிலையாகும். அக்கல்வெட்டுக்கள் இதுபற்றிக் கூறுவனவற்றை ஈண்டு நோக்குவோம்.

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுக்கள் உள்ளன. முன்னையது கி. பி. 919 ஆம் ஆண்டினது. அதனைத் திருத்தியமைத்தது கி. பி. 921 ஆம் ஆண்டினது. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பெற்றது. ஆண்டு வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் பன்னிருவரும், ஏரி வாரியத்திற்கு அறுவரும் தெரிந்தெடுக்கப்பட்டனர். 360 நாள் நிறைந்ததும் அவர் விலகுதல் வேண்டும்.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் ஓலையிடத் தகுதியற்றவர் என்பது பின்னைய கல்வெட்டின் விதி. அவ்வளவில் அது நின்றிலது. அவருடைய தந்தை, மகன், மாமன், மருமகன், உடன்பிறந்தாள் கணவன், சிறிய தாய் பெரிய தாய் மக்கள் முதலாயினோர் பெயரும் ஓலையில் எழுதப்படலாகாது. ஒருவன் மறைத்த கணக்கு அவன் சுற்றத்தையே பொதுப்பணியினின்றும் விலக்கியது. கணக்கெழுதுவானுக்கும் தனி விதியுண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே பெருங்குறிப் பெருமக்கள்முன் காட்டித் தூயன் எனப்பட்ட பின்னரே அவன் அப்பணியில் மீண்டும் புகலாம். அவன் கணக்கை முடிக்கப் பிறனொருவனை அழைத்தல் கூடாது.

இவற்றால் சபை அளந்தது நேர்மையையே என்பது பெறப்படும். ஏரி எத்துணை ஆழம் தூர் வாரப்பட்டது, கடைமடைக்கு நீர் சென்றதா என்பவற்றை அளந்துரைக்குமாறு இவ்விதிகள் பணிக்கவில்லை. பணியின் பயனையே அளக்கும் முயற்சியை அண்மைக் காலத்து இங்கிலாந்திற் காண்கின்றோம். அந்நாட்டுத் தணிக்கை ஆணையம் 2002 இல் பெரிய உள்ளாட்சி மன்றங்களை மிகச் சிறந்தது முதல் மோசமானது ஈறாக ஐந்து தரங்களாக வகுத்து வெளியிட்டது. அவ்வாணையமே 2015 இல் மூடப்பெற்றது. அங்குத் தரம் உரைத்தவர் புறத்தே நின்ற அதிகாரிகள்; உத்தரமேரூரிலோ பணி செய்தவனே தன் ஊரார்முன் நின்று விடை கூறினான்.

அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணரின் சபையே. ஊரிலுள்ளார் அனைவர்க்கும் உரியதன்று. ஆதலின் அதனை இற்றைக் குடியாட்சியோடு ஒன்றாக வைத்துப் போற்றுதல் பொருந்தாது. எனினும், கணக்குக் காட்டாதவனுக்குப் பதவியில்லை என்று கல்லில் வெட்டி வைத்த துணிவு போற்றத்தக்கது. குடவோலையைப் புகழ்ந்து கணக்கோலையை மறப்போமாயின், அக்கல்வெட்டிற் பாதியையே படித்தவர் ஆவோம்.