அம்மா கேட்ட படங்கள்

போன மாசம் அம்மா பெங்களூருக்கு வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை ராத்திரி, நானும் மனைவியும் அம்மாவும் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதியில் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். ரிமோட்டை எடுத்து பாஸ் போட்டேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "எதுக்குல நிறுத்துத? ஓடட்டும். எனக்கு இங்கயே கேக்கும்."

கேக்கும். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்திருக்கிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஞாயிறு சாயங்காலம் தமிழ்ப் படம் போட்டால், டிவி இருக்கும் வீட்டில் தெருவே கூடும் என்பதை நிறைய பேர் எழுதிவிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தண்ணி மொண்டு கொடுத்தது யார் என்று எழுதியவர்கள் குறைவு. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கை ரூபவாகினி கடல் தாண்டி எங்கள் ஆன்டெனாவில் விழுந்தது. மாமா மொட்டை மாடியில் நின்று கம்பத்தைத் திருப்புவார். "தெரியுதா?" "புள்ளியா இருக்கு!" "இப்ப?" ஜன்னலில் நின்று மேலே கத்துவது அத்தையின் வேலை. படம் தெளிந்ததும் அத்தை அடுப்புக்குத் திரும்பிவிடுவாளாம்.

நான் கண்ணால் பார்த்தது டெக் காலம். தொண்ணூறுகளின் நடுவில், கோடை லீவில், சித்தப்பா டெக் வாடகைக்கு எடுத்து வருவார். ஒரு ராத்திரிக்கு மூணு படம். வாடகை நாள் கணக்கு என்பதால் விடியும்வரை ஓட்டியே ஆக வேண்டும்.

இங்கே கொஞ்சம் இன்ஜினியரிங். 1975-ல் சோனி கொண்டுவந்த பீட்டாமேக்ஸ் கேசட்டில் முதலில் ஒரு மணி நேரம்தான் பதிய முடிந்தது. அடுத்த வருஷம் ஜேவிசியின் விஎச்எஸ் இரண்டு மணி நேரத்தோடு வந்தது. பிறகு நம் ஊரில் புழங்கிய ஈ-180 கேசட்டில் மூணு மணி நேரம். பாட்டு, சண்டை, காமெடி எல்லாம் சேர்ந்த ஒரு முழுத் தமிழ்ப் படம் அதில் அடங்கிவிடும். டெக்குக்குள் டேப் நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டர்கூட நகராது. ஆனால் ஹெட் பொருத்திய உருளை, நம் பால் முறை டெக்கில், நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றும். பாஸ் அமுக்கினால் டேப் நிற்கும், உருளை நிற்காது. ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். டேப்பும் கெடும், ஹெட்டும் அடைக்கும். அதனால்தான் கடைக்காரர் டெக்கைக் கொடுக்கும்போதே, "பாஸ் போடாதீங்க" என்று சொல்லி அனுப்புவார்.

எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. யார் எழுந்து போனாலும் படம் நிற்காது. எழுந்து போவது எப்போதும் ஒரே ஆள்தான் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரு ராத்திரி, இரண்டாவது படத்தின் க்ளைமாக்ஸில் பால் பொங்கிவிட்டது. (இந்தப் பால் வேறு.) காபிக்கு வைத்த ஒரு லிட்டர். சத்தம் கேட்டு அம்மா அடுப்படிக்கு ஓடினாள். மேடையைத் துடைத்துவிட்டு வந்தபோது கடைசி எழுத்தும் ஓடி முடிந்து, சித்தப்பா கேசட்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். கேசட் வந்தது, டேப் வரவில்லை. உள்ளே உருளையில் சுற்றிக்கொண்டுவிட்டது. ஸ்க்ரூ டிரைவர், டார்ச், ஆளாளுக்கு யோசனை என்று ஒரு மணி நேரம் போயிற்று. நசுங்கிய துண்டை வெட்டி, செல்லோ டேப் ஒட்டினோம். கடையில் தண்டம் கட்டினோம். இன்றுவரை எங்கள் குடும்பத்தில் அந்த ராத்திரி என்றால் 'டெக் சிக்கின ராத்திரி'தான். பால் பொங்கியதை அம்மா மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறாள். அந்தப் படத்தின் முடிவு அவளுக்குத் தெரியாது.

வினோதம் என்னவென்றால், டிவிக்கு முன்னால் அம்மா முழுப் படம் பார்த்தவள். கல்யாணத்துக்கு முன் பக்கத்து வீட்டு அக்காமார்களோடு மேட்னி போவாளாம். தரை டிக்கெட். தியேட்டரில் அடுப்பு கிடையாது. இடைவேளை உண்டு. வீட்டுக்குள் சினிமா வந்ததை நாம் வசதி என்றே எழுதுகிறோம். அம்மாவைப் பொறுத்தவரை, தொந்தரவு இல்லாத மூணு மணி நேரம் ஒன்று இருந்தது, அது போய்விட்டது.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. எங்கள் வீட்டுக்குக் கேபிள் வர இன்னும் சில வருஷம் ஆனது. படத்துக்கு நடுவே பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை விளம்பரமா என்று அப்பா திட்டுவார். அம்மா திட்டியதே இல்லை. சட்னி தாளிக்க ஒரு விளம்பர இடைவேளை, மாவு கரைக்க ஒன்று. விளம்பரம் தேவைப்பட்ட ஒரே ஆள் எங்கள் வீட்டில் அவள்தான். 2006-க்குப் பிறகு அரசின் இலவச கலர் டிவி ஆச்சி வீட்டுக்கும் வந்தது. ஆச்சி அதற்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தாள். மருமகள்கள் இருந்தார்கள்.

இதையெல்லாம் யோசித்துவிட்டு, மறுநாள் அம்மாவிடம் அந்தப் பால் பொங்கின படத்தைப் பற்றிக் கேட்டேன். பேர் மறக்கவில்லை. "கடைசில அந்தப் பிள்ளைய அவங்க அப்பன் சேத்துக்கிட்டானால?" என்றாள். நான் சொல்லவில்லை. தேடினால் நெட்டில் இருந்தது. ஞாயிறு மத்தியானம் போட்டேன்.

கடைசி இருபது நிமிஷம் இருக்கும்போது குக்கர் விசில் அடித்தது. அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். நான் அதற்குள் எழுந்துவிட்டேன்.

"இன்னும் ரெண்டு வரணும்ல, எண்ணிக்கோ," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.